கொசுவம் தரையில் இழுபட்டபோது

முதுமையில் நொறுங்கும் முதுகெலும்புக்கு ஊசி வழியே சிமென்ட். யாருக்குப் பலன், யாருக்குத் தேவையில்லை, வீட்டுக்கு வந்த பிறகு என்ன?

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற பஸ். கடைசி வரிசையில் ஜன்னலோர சீட். பெரியம்மாவுக்கு அப்போது 71 வயது. செம்பட்டி தாண்டி வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒரு வேகத்தடை. பஸ்ஸின் பின்பக்கம் தூக்கிப் போட்டதில் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி, தொம்மென்று சீட்டில் விழுந்தார். “முதுகுல மளுக்குன்னுச்சுப்பா. எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு” என்று பின்னால் சொன்னார்.

அன்று அவர் பஸ்ஸைவிட்டு இறங்கி, கீரைக்கட்டும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு நடந்தேதான் வீட்டுக்குப் போனார். ராத்திரி படுத்தவரால் விடிகாலை எழுந்திருக்க முடியவில்லை. வாயுப்பிடிப்பு என்றார்கள். தைலம் தேய்த்தார்கள், தவிட்டு ஒத்தடம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள், சுளுக்கு எடுக்கிற ஒருவரை அழைத்துவந்தார்கள். குப்புறப் படுக்கவைத்து அவர் முதுகில் கை வைத்ததுமே பெரியம்மா அலறிய அலறலில், “இது என் வேலை இல்ல சாமி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று எழுந்துவிட்டார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அவர் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இந்தக் கட்டுரைக்காகப் பல மருத்துவர்களிடம் பேசிய பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “தேய்மானம். வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்” என்றார். வலி மாத்திரை, இடுப்பு பெல்ட், ஆறு வாரம் படுக்கை. வலி மெல்லக் குறைந்தது. எல்லோரும் மறந்துபோனோம். இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் புடவை கட்டியபோதுதான் பெரியம்மா, “என்னடி இது, கொசுவம் தரையில இழுபடுது” என்று மருமகளிடம் கேட்டிருக்கிறார். முப்பது வருஷமாகக் கட்டுகிற அதே பட்டு. அண்ணி சிரித்துக்கொண்டே இடுப்பில் இன்னொரு சுற்று செருகிவிட்டார். நீளமானது புடவையில்லை, குட்டையானது பெரியம்மா என்று அந்தக் கல்யாண வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

உடைந்தது எது?

நம் முதுகுத்தண்டில் கழுத்துக்கு 7, நெஞ்சுக்கு 12, இடுப்புக்கு 5 என அசையக்கூடிய முள்ளெலும்புகள் 24. ஒவ்வொன்றின் முன்பகுதியும் சின்ன உருளைக்கட்டை போல இருக்கும். உடம்பின் பாரத்தைத் தாங்குவது அந்தக் கட்டைதான். வெளியே மெல்லிய ஓடு, உள்ளே தேனடை போன்ற எலும்பு வலை. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு விழுந்துவிடுவதால் அந்த வலையின் இழைகள் மெலிந்து, அறுந்து, கண்ணிகள் பெரிதாகிக்கொண்டே போகும். ஆண்களுக்கும் இது நடக்கிறது, கொஞ்சம் தாமதமாக. இதைத்தான் எலும்புப்புரை என்கிறோம். புரையோடிய மரம், புரையோடிய பல் என்று நாம் சொல்கிற அதே புரைதான். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அப்படிப்பட்ட கட்டையின் மேல் திடீரென்று பாரம் விழுந்தால் அதன் முன்பக்கம் நசுங்கி, பின்பக்கம் நிற்கும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் பார்த்தால் கதவுக்கு அண்டை கொடுக்கிற ஆப்பு மாதிரி தெரியும். இதுதான் அமுக்க முறிவு. இப்படி ஓரிரண்டு ஆப்புகள் சேர்ந்தால் முதுகு முன்னால் வளைகிறது. விலாவெலும்பு இடுப்பெலும்பை நோக்கி இறங்க, வயிறு முன்னே தள்ளுகிறது, நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுகிறது, மூச்சை நிறைய இழுக்க முடிவதில்லை. நெஞ்சின் 12ஆவது முள்ளெலும்பும் இடுப்பின் முதல் முள்ளெலும்பும்தான் அதிகமாக உடைகிறவை. விலாக்கூடு பிடித்து நிறுத்தியிருக்கும் விறைப்பான மேல்முதுகும், தாராளமாக வளைகிற இடுப்பும் சந்திக்கிற இடம் அது. பெரியம்மாவுக்கு உடைந்ததும் அந்த 12ஆவதுதான்.

இந்த முறிவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, முறிவு என்று அறியப்படாமலே போய்விடுகின்றன. அதற்கு நம்முடைய ஒரு சொல்லும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது: தேய்மானம். முழங்கால் மூட்டு தேய்ந்தாலும் தேய்மானம், கழுத்துத் தட்டு தேய்ந்தாலும் தேய்மானம், எலும்பு புரையோடி நொறுங்கினாலும் தேய்மானம். முதலிரண்டும் மூட்டும் தட்டும் உராய்ந்து நைந்துபோகிற சங்கதி. மூன்றாவதில் எலும்பு உடைந்திருக்கிறது. கை உடைந்தால் கட்டுப் போடுகிறோம், ஏன் உடைந்தது என்று விசாரிக்கிறோம். முதுகு உடைந்தால் “வயசு” என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம்.

பத்து மாதம் கழித்து

கொல்லையில் பாதி நிறைந்த பிளாஸ்டிக் குடம். அதைத் தூக்கக் குனிந்தார் பெரியம்மா, அவ்வளவுதான். இம்முறை சத்தம் எதுவும் இல்லை. குனிந்தவர் நிமிரவில்லை.

ஒருமுறை முள்ளெலும்பு உடைந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்று உடைகிறது என்று 2001ஆம் ஆண்டிலேயே பெரிய அளவில் கணக்கெடுத்துச் சொல்லிவிட்டார்கள். முதல் முறிவின்போதே எலும்புக்கு மருந்து தொடங்கியிருந்தால் அந்தக் குடம் வெறும் குடமாக இருந்திருக்கலாம். இதை எழுதும்போது எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது.

இம்முறை மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே பார்த்த டாக்டர் முதலில் விரல் முட்டியால் முதுகை ஒவ்வோர் எலும்பாக மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் பெரியம்மா துள்ளினார். “படுத்திருந்தா எப்படி இருக்கு?” “படுத்தா தேவலை டாக்டர். பொரண்டாத்தான் உசிரு போகுது.” எழும்போதும் புரளும்போதும் குத்தி இழுக்கிற வலி, அசையாமல் கிடந்தால் அடங்குகிற வலி. முறிவின் வலிக்கு இதுதான் அடையாளம்.

பிறகு எம்ஆர்ஐ. எக்ஸ்ரே எலும்பின் வடிவத்தை மட்டும் காட்டும். நசுங்கல் போன வாரத்ததா பத்து வருஷப் பழசா என்று அதில் பிரித்தறிவது கடினம். எம்ஆர்ஐயில் புது முறிவு, உள்ளே நீர் கோத்து, குறிப்பிட்ட படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ஆறிப்போனது பக்கத்து எலும்புகளைப் போலவே இருக்கும். பெரியம்மாவுக்கு இடுப்பின் முதல் எலும்பு வெள்ளை. பழைய 12ஆவது நசுங்கி, ஆறி, கறுப்பாக இருந்தது. இந்தப் படம் எடுக்க இன்னொரு முக்கியக் காரணமும் உண்டு. நம் நாட்டில் முதுகெலும்பு நசுங்கினால் அது காசநோயாக இருக்கலாம், வேறெங்கோ இருந்து பரவிய புற்றுநோயாக இருக்கலாம், மயலோமா என்கிற எலும்பு மஜ்ஜைப் புற்றாக இருக்கலாம். எடை குறைகிறதா, ராத்திரிக் காய்ச்சல் உண்டா, படுத்திருந்தாலும் வலி ஓயவில்லையா என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டது அதற்காகத்தான்.

மூன்று வாரம் மருந்து, மூன்று வளையங்கள் உள்ள முதுகுப் பட்டை, கைத்தாங்கலாகத் தினமும் கொஞ்சம் நடை. பலருக்கு இதிலேயே வலி வடிந்துவிடும். முறிந்த எலும்பு ஆறெட்டு வாரத்தில் தானே கூடும். பெரியம்மாவுக்கு வடியவில்லை. வீரியமான வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவந்தன, முக்கினால் முதுகில் ஈட்டி பாய்ந்தது, அதற்குப் பயந்து சாப்பிடுவதைக் குறைத்தார். மூன்றாவது வாரம் கட்டிலைவிட்டு எழவே மறுத்தார். அப்போதுதான் டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்னார்: சிமென்ட்.

சிமென்ட் வந்த வழி

1984. பிரான்சின் அமியான் நகரம். ஒரு பெண்ணின் கழுத்தெலும்பை ரத்தக்குழாய்க் கட்டி ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. கலிபேர், தெராமோன் என்ற இரண்டு மருத்துவர்கள், ஊசி வழியே அந்த எலும்புக்குள் அக்ரிலிக் சிமென்டைச் செலுத்தினார்கள். வலி நின்றது. 1987இல் அதைப் பற்றி எழுதினார்கள். வெர்டிப்ரோபிளாஸ்டி பிறந்தது அப்படித்தான்.

சிமென்ட் என்றதும் கட்டட வேலை ஞாபகம் வரும். இது பாலிமெதில் மெதக்ரிலேட். நம் வீட்டுப் பெரியவர்கள் ராத்திரி டம்ளரில் கழற்றிப் போடுகிற பல்செட்டின் இளஞ்சிவப்பு ஈறு இருக்கிறதே, அந்தப் பொருளின் வகையறா. இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையில் 1960களிலிருந்தே புழங்குவது. பொடியும் திரவமும் தனித்தனியாக வரும்; கலந்தால் சில நிமிடங்களில் சூடேறிக் கல்லாகிவிடும்.

புற்றுக்கும் கட்டிக்கும் என்று தொடங்கியது, எலும்புப்புரை முறிவுக்குப் பரவியது. 1998இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த மார்க் ரைலி என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஒரு மாற்றம் செய்தார். சிமென்டுக்கு முன்னால் எலும்புக்குள் சின்ன பலூனை விட்டு ஊதி, நசுங்கிய கூரையைக் கொஞ்சம் தூக்கி, உண்டான குழியில் சிமென்டை நிரப்புவது. இது கைஃபோபிளாஸ்டி. கட்டிலோடு கிடந்த பாட்டிகள் மறுநாள் நடந்தார்கள். பார்த்த மருத்துவர்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் செய்தார்கள்.

2009 ஆகஸ்டில் எல்லாம் தலைகீழானது. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஒரே இதழில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று ஆஸ்திரேலியாவின் ரேச்சல் புக்பைண்டர் குழுவினுடையது, 78 நோயாளிகள். மற்றது அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் டேவிட் கால்மஸ் தலைமையில், 131 நோயாளிகள். கால்மஸ் தானே இந்தச் சிகிச்சையைச் செய்துவந்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு உண்மையான சிமென்ட், மறுபாதிக்கு அதே மேசை, அதே மரப்பு ஊசி, ஆனால் சிமென்ட் இல்லை. கால்மஸ் குழுவினர், நோயாளி சந்தேகப்படக் கூடாதென்று சிமென்ட் திரவக் குப்பியைத் திறந்து அறை முழுக்க அதன் நெடியைப் பரவவிட்டார்கள்; முதுகை அழுத்தினார்கள்; நடப்பதாகப் பேசிக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் இரண்டு தரப்பிலும் வலி ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைந்திருந்தது.

மருத்துவ உலகம் இரண்டுபட்டது. 2010இல் அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் சங்கம் வெர்டிப்ரோபிளாஸ்டி வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது. எதிர்த்தரப்பு கேட்ட கேள்வியும் நியாயமானது: அந்த ஆய்வுகளில் ஒரு வருடம் வரை பழைய முறிவுகளையும் சேர்த்தீர்களே, பாதி கூடிவிட்ட எலும்பில் சிமென்ட் எதைச் சாதிக்கும்? இதற்குப் பதிலாக 2016இல் சிட்னியிலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. ஆறு வாரத்துக்குட்பட்ட முறிவு, பத்துக்கு ஏழுக்குக் குறையாத வலி, இப்படிப்பட்ட 120 பேர். இரண்டு வாரத்தில் வலி நாலுக்குக் கீழே இறங்கியவர்கள் சிமென்ட் தரப்பில் 44 சதவீதம், போலிச் சிகிச்சைத் தரப்பில் 21. சரி, முடிந்தது என்று நினைத்தால், 2018இல் நெதர்லாந்தில் 180 பேரை வைத்துச் செய்த ஆய்வில் மறுபடியும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே ஆண்டு எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசிய காக்ரேன் குழுவும், வழக்கமான சிகிச்சையாக இதைச் செய்யச் சான்று இல்லை என்றது.

இத்தனையையும் படித்த பிறகு என் கருத்து இது. முதுகில் முறிவு என்றதும் சிமென்ட் என்பது தவறு. எந்த முறிவுக்கும் சிமென்ட் கூடாது என்பதும் பெரியம்மாவைப் போல வதைபடுகிறவர்களைக் கைவிடுவதுதான். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2013இல் வகுத்த நிபந்தனைகள் எனக்கு ஏற்புடையவையாக இருக்கின்றன: முறிவு புதியதாக, கூடாததாக இருக்க வேண்டும், முறையான வலி மருத்துவத்துக்குப் பிறகும் கடும் வலி நீடிக்க வேண்டும், வலி அந்த எலும்பிலிருந்துதான் வருகிறது என்று தொட்டுப் பார்த்தும் படம் எடுத்தும் உறுதி செய்திருக்க வேண்டும். முதல் வாரத்திலேயே “நாளைக்கே சிமென்ட் வெச்சிடலாம்” என்கிறவரிடமும், எம்ஆர்ஐ எடுக்காமல் பேசுகிறவரிடமும், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

அரங்கில் நாற்பது நிமிடம்

பெரியம்மாவுக்கு நடந்தபோது நான் கதவுக்கு வெளியேதான் நின்றேன். இந்தக் கட்டுரைக்காக வேறொரு மூதாட்டியின் சம்மதத்தோடும் மருத்துவர் அனுமதியோடும் உள்ளே நின்று பார்த்தேன். கனமான ஈயக் கவசத்தை என் மேலும் மாட்டிவிட்டார்கள்.

மூதாட்டி குப்புறப் படுத்திருந்தார். நெஞ்சுக்கும் இடுப்புக்கும் கீழே தலையணை. அப்படிப் படுப்பதே நசுங்கிய எலும்பைக் கொஞ்சம் விரித்துக்கொடுக்கும் என்றார் மருத்துவர். முழு மயக்கம் இல்லை. முதுகில் மரப்பூசி, கையில் லேசான தூக்க மருந்து. செவிலியர் ஒருவர் மேசையின் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தபடியே இருந்தார். “பேரன் என்ன படிக்கிறான் பாட்டி?” “பாலிடெக்னிக்கும்மா.”

சி வடிவத்தில் வளைந்த எக்ஸ்ரே கருவி ஒருமுறை மேலிருந்தும் ஒருமுறை பக்கவாட்டிலும் படம் காட்டியது. மேலிருந்து பார்க்கையில் ஒவ்வொரு முள்ளெலும்பும் ஆந்தை முகம் மாதிரி இருக்கிறது. இரண்டு கண்கள் தெரிகின்றன. அந்தக் கண்தான் ஊசி போகிற வாசல். ஒரு மில்லிமீட்டர் உள்பக்கம் தவறினாலும் தண்டுவடக் கால்வாய். கடப்பாரையைச் சுருக்கியது போன்ற ஊசியை வைத்துச் சின்னச் சுத்தியால் டொக், டொக் என்று தட்டினார் மருத்துவர். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படம். கெட்டியான எலும்பில் சுத்தி அடிக்கிற சத்தம் வேறு மாதிரி இருக்கும் என்றார். இது நனைந்த மரத்தில் தட்டுகிற சத்தமாக இருந்தது.

பிறகு சிமென்டைக் கலந்தார்கள். பல் ஆஸ்பத்திரியில் அடிக்கிற அதே காரமான நெடி. முதலில் பால் போல இருந்தது, பிறகு தயிர், பிறகு பற்பசை. பற்பசைப் பதம் வரும்வரை மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். தண்ணியாக இருக்கும்போதே செலுத்தினால் விரிசல் வழியே வெளியே கசியும். கசிந்தது நரம்பை அழுத்தலாம், ரத்தக்குழாய் வழியே நுரையீரலுக்குப் போகலாம். பெரும்பாலான கசிவுகள் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் செய்கிறபோது அது பெரிய தொந்தரவு. திரையில் கறுப்பாய் ஒரு சொட்டு, அதைச் சுற்றி மேகம் விரிவது போல மெல்ல மெல்லப் பரவியது. மூன்று மில்லிலிட்டர்கூட இருக்காது. பின்சுவரை நெருங்குகிறது என்று தெரிந்த நொடியில் நிறுத்திவிட்டார். மிச்சமிருந்த சிமென்டை ஓர் உருண்டையாக்கி என் கையுறை போட்ட உள்ளங்கையில் வைத்தார்கள். சில நிமிடங்களில் சுட்டது. அதன்பிறகு அது கோலிக்குண்டு.

“முடிஞ்சுதாம்மா?” என்றார் பாட்டி. சில மணி நேரத்தில் எழுப்பி உட்காரவைத்தார்கள்.

பலூன் முறையில் கொஞ்சம் கூடுதலாக உயரம் மீட்கலாம், கசிவும் குறைவு என்கிறார்கள். வலி குறைவதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை; செலவில்தான் பெரிய வித்தியாசம். பலூன் செட்டுக்கே தனியாகத் தொகை ஆகும். கடன் வாங்கியாவது பலூன்தான் வைக்க வேண்டும் என்று நினைக்கிற குடும்பங்களிடம் இதைச் சொல்ல விரும்புகிறேன்.

கால் மரத்தால் காத்திருக்கக் கூடாது

ஊசியும் சிமென்டும் போதாத முறிவுகள் உண்டு. உடைந்த எலும்பின் துண்டு பின்னால் தள்ளித் தண்டுவடத்தை அழுத்தினால் கால் வலுவிழக்கும், மரத்துப்போகும், சிறுநீர் அடக்க முடியாமல் போகும் அல்லது கழிக்கவே முடியாமல் போகும். இது அவசரம். அன்றைக்கே மருத்துவமனை. இன்னொரு வகையும் இருக்கிறது. சின்னதாக அடிபட்டு, வலி தணிந்து, வாரங்கள் கழித்து அந்த எலும்பு உள்ளுக்குள் செத்து, திடீரென்று இடிந்து விழும். ஜெர்மனியின் ஹெர்மன் கும்மெல் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே விவரித்தது. இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

இத்தகையவர்களுக்குத் திறந்த அறுவை தேவைப்படும். அழுத்தத்தை நீக்கி, மேலும் கீழும் உள்ள நல்ல எலும்புகளில் திருகாணி போட்டுக் கம்பியால் பிணைப்பது. சிக்கல் என்னவென்றால் அந்த ‘நல்ல’ எலும்பும் புரையோடியதுதான். மண்சுவரில் ஆணி அடித்தால் நிற்குமா? அதனால் துளையுள்ள திருகாணிகளைப் போட்டு, அவற்றின் வழியே சிமென்ட் செலுத்திப் பிடிமானம் தருகிறார்கள். இதற்கு முழு மயக்கம் வேண்டும். இதயமும் நுரையீரலும் தாங்க வேண்டும். 80 வயதுக்காரருக்கு இந்த முடிவை அறுவை மருத்துவர் மட்டும் எடுக்கக் கூடாது. மயக்க மருத்துவர், பொதுநல மருத்துவர், முடிந்தால் முதியோர் மருத்துவர் எல்லோரும் கூடிப் பேச வேண்டும். முதியோர் மருத்துவத்தில் சென்னை இந்தியாவுக்கே முன்னோடி. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் 1996இலேயே இதற்கு எம்.டி. படிப்பு வந்துவிட்டது. கிண்டியில் 2024இல் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டிருக்கிறது. மாவட்டங்களில் இருக்கும் பெரியம்மாக்களுக்கு இது இன்னும் தூரம்தான்.

டிஸ்சார்ஜ் தாளில் இல்லாதது

பெரியம்மா மறுநாள் நடந்தார். அண்ணன் போனில் அழுதான். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தோம். டிஸ்சார்ஜ் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். சிமென்டின் அளவு, ஊசி போட்ட பக்கம், தையல் பற்றிய குறிப்பு எல்லாம் இருக்கின்றன. மருந்து என்று ஒரு கால்சியம் மாத்திரை. எலும்புப்புரை என்ற சொல்லே இல்லை. உடைந்த ஓர் எலும்பை ஒட்டியாகிவிட்டது. உடையக் காத்திருக்கிற மற்றவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டினேன். படித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “வீட்ல ஒரு சுவர் இடிஞ்சு அதைக் கட்டிட்டாங்க. கரையானுக்கு யார் மருந்து வைக்கிறது?” என்றார். எலும்பின் அடர்த்தியை அளக்கிற டெக்சா ஸ்கேன் எழுதிக்கொடுத்தார். படுத்தபடியே பத்து நிமிடத்தில் முடிகிற, வலியில்லாத, மிகக் குறைந்த கதிர்வீச்சுள்ள பரிசோதனை. டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை என்பது 1994இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. பெரியம்மாவுக்கு மைனஸ் 3.4. பழங்கதைகளைத் துருவினார். 38 வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்திருந்தார்கள். ஈஸ்ட்ரோஜன் அன்றைக்கே நின்றுபோயிருக்கிறது. மூட்டுவலிக்கென்று பல வருஷமாக யாரிடமோ வாங்கிச் சாப்பிட்ட பொட்டலப் பொடி. அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றார். ஸ்டீராய்டு எலும்பை உருக்கிவிடும். வைட்டமின் டி படுமோசம். வெயிலுக்குக் குறைவில்லாத ஊரில் இப்படி ஏன் என்று கேட்டால், அடுப்படியில் ஏது வெயில்?

ஜோலெட்ரோனிக் ஆசிட் என்ற மருந்து, 5 மில்லிகிராம், வருடத்துக்கு ஒருமுறை சலைன் மாதிரி ஏற்றுவது. 2007இல் வெளியான பெரிய ஆய்வில் மூன்றாண்டுகளில் புது முள்ளெலும்பு முறிவுகளை இது 70 சதவீதம் குறைத்தது. சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும், வைட்டமின் டியை முதலில் ஏற்ற வேண்டும், பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்பே பிடுங்கிவிட வேண்டும். முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். பெரியம்மாவுக்கு வந்தது, பாராசிட்டமாலில் போனது. வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் நிமிர்ந்து உட்கார வேண்டிய அலெண்ட்ரோனேட் மாத்திரையும் உண்டு. மிகவும் மோசமாக நொறுங்கியவர்களுக்குத் தினமும் தோலடியில் போட்டுக்கொள்கிற டெரிபாரடைட் புதிய எலும்பையே வளர்க்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுகிற டெனோசுமாப் ஊசியில் மட்டும் ஓர் எச்சரிக்கை: நல்லாயிருக்கிறேனே என்று பாதியில் நிறுத்தினால், அடுத்தடுத்து முதுகெலும்புகள் உடையும் ஆபத்து உண்டு. மாற்று மருந்து தொடங்காமல் அதை நிறுத்தவே கூடாது. ஊர் மாறிப்போகிற, பிள்ளைகள் வீடு மாற்றி மாற்றி இருக்கிற நம் பெரியவர்களுக்கு இந்தத் தேதிகள்தான் தவறிப்போகின்றன.

கேழ்வரகில் நூறு கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கூழும் களியும் நல்லதுதான். ஆனால் உடைந்த பிறகு கூழ் மட்டும் மருந்தாகாது. படுக்கையும் மருந்தாகாது. படுத்தே கிடந்தால் எலும்பும் தசையும் இன்னும் வேகமாகக் கரைகின்றன, நெஞ்சில் சளி கட்டுகிறது, புண் வருகிறது. முதல் தடவை ஆறு வாரம் பெரியம்மாவைப் படுக்கவைத்தது எவ்வளவு பெரிய தவறு என்று இப்போது தெரிகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். எங்களூருக்கும் ஒரு பெண் வந்தார். குனியாமல், இடுப்பை மடக்கிப் பொருள் எடுப்பது எப்படி, ஒருக்களித்துக் கையூன்றி எழுவது எப்படி, முதுகுத் தசைகளுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது என்று கட்டிலோரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். சிமென்டுக்கு எவ்வளவு நன்றி சொல்கிறேனோ, அவ்வளவு அந்தப் பெண்ணுக்கும்.

உங்கள் வீட்டுப் பெரியவரைச் சுவரோடு ஒட்டி, குதிகாலும் முதுகும் படும்படி நிற்கச் சொல்லுங்கள். பின்மண்டை சுவரில் படுகிறதா? படாமல் விரல்கள் நுழைய இடமிருந்தால், இளமையில் இருந்த உயரத்தில் நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், எங்கேயோ ஓர் எலும்பு சத்தமில்லாமல் நசுங்கியிருக்கக் கூடும். பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே போதும். பஸ்ஸில் அவர்களைப் பின் சக்கரத்துக்குப் பின்னால் உட்காரவிடாதீர்கள்.

பெரியம்மாவின் முதுகு வளைவு நிமிரவில்லை, நிமிரவும் போவதில்லை. மூன்று ஊசி முடிந்திருக்கிறது. பொங்கலன்று பேரப்பிள்ளைகளை நிலைப்படியில் நிறுத்தி உயரம் குறிக்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் உண்டு. இரண்டு வருஷமாகப் பெரியம்மாவையும் நிறுத்துகிறோம். இந்தப் பொங்கலுக்கு அண்ணன் அடிமட்டத்தைத் தலையில் வைத்து பென்சிலால் கிழித்தான். போன வருஷத்துக் கோட்டின் மேலேயே விழுந்தது. பெரியம்மா மெல்லத் திரும்பி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்க்கப்போய், சட்டென்று நினைவு வந்து முட்டியை மடக்கிப் பார்த்தார்.

“குறையலைல்ல?” என்று இரண்டு முறை கேட்டார்.